குளத்தங்கரை வளைவில் படகு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகும் மினிபஸ்ஸுக்கு டிரைவராக இருந்தார். வந்தது வீட்டில் வைத்து. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், “நல்லவேளை, வண்டில இருக்கும்போது வரலை” என்று சொல்லிவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கை விழுந்த மனிதர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், இதில் என்ன நல்லவேளை?

கால் சீக்கிரம் தேறியது. கோணிய வாயும் நேரானது. வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. என் மாமியார் தினமும் கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து முழங்கை வரை பூசிவிடுவார். பிசியோதெரபி செய்ய வரும் பெண், “மண்ணைப் பூசுங்க, வேண்டாங்கல. ஆனா விரலுக்கு வேலையும் குடுங்க” என்றாள். ஒரு தட்டில் பட்டாணியைக் கொட்டிப் பொறுக்கச் சொன்னோம். அவர் தட்டையே தள்ளிவிட்டார்.

“பஸ் ஓட்டுனவன பட்டாணி பொறுக்க விடுதீங்களா?”

நான் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று நாள் முழுக்க ஊராருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. அங்கே ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிவந்து, அதில் ஒரு விளையாட்டை ஏற்றினேன். அதில் உலகமே சதுரக் கட்டிகளால் ஆனது. வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். விரலுக்கு வேலை என்றுதான் ஏற்றினேன். இவர் வீடெல்லாம் கட்டவில்லை. ரோடு போட்டார்.

அந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரில் மெதுவாகப் போகும் படகு, பனிக்கட்டியின் மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு பறக்கும். அம்புக்குறி விசைகளால் இடமும் வலமும் திருப்பலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் பனிக்கட்டியாக அடுக்கத் தொடங்கினார். நம் ஊரில் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமானால் ஜூஸ் கடைக்குப் போக வேண்டும். இவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பனவடலிசத்திரம் வரைக்கும் அதிலேயே பாதை போட்டார். ஒவ்வொரு நிறுத்தமும் அதனதன் இடத்தில் இருந்தது. வேகத்தடைகூட இருந்தது. “அது எதுக்கு, படகு முட்டிக்கிடும்லா?” என்று கேட்டேன். “ரோட்ல இருக்கே” என்றார். அப்புறம் அவரே எடுத்துவிட்டார்.

பஸ் முதலாளி அண்ணாச்சி வந்து பார்த்தார். “சீட்டு உமக்குத்தான் வே. இப்ப ஓட்டுதவன் தற்காலிகம்தான். தபசுக்கு முன்னால ஒருநாள் வாரும், காலி வண்டிய எடுத்துப் பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் சுற்றுப்பட்டி சனமெல்லாம் இங்கேதான் வரும். அந்தக் கூட்டத்தில் பஸ் ஓட்ட வேண்டும் என்பது அவருக்கு ஆசை இல்லை, வெறி. அன்றைக்கே தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். அந்தப் பனிக்கட்டிப் பாதையில் குளத்தங்கரை வளைவு என்று ஒன்று இருக்கிறது. நிஜ ரோட்டிலும் இருக்கிறது. அதை ஓரச் சுவரில் இடிக்காமல் எடுத்துவிட்டால் நேரே அண்ணாச்சியிடம் போய்ச் சாவியை வாங்கிவிடுவேன் என்றார்.

இடதுகையால் ஓட்டியிருந்தால் என்றைக்கோ எடுத்திருப்பார். வலதுகையால்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம். ஒவ்வொரு முறையும் வளைவில் போய் இடிப்பார். ஒவ்வொரு முறையும் ஒரே புகார்.

“ஏட்டி, கம்ப்யூட்டர் நின்னுட்டு. நான் சரியாத்தான் ஒடிச்சேன்.”

பொய் என்று சொல்ல முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று உறைந்து நிற்கும், பிறகு குதிக்கும். எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் ஆத்திரமாக வந்தது. மனிதர் பாடுபட்டுத் தேறி வருகிறார், இந்த ஓட்டை டப்பா கெடுக்கிறதே என்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சென்டரில் உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

அந்த விளையாட்டு தானாக ஓடுவதில்லை. ஜாவா என்கிற மொழியில் எழுதியது. அதை ஓட்டுவதற்கு அடியில் ரன்டைம் என்று ஒரு மென்பொருள் இருக்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது அரதப் பழசு. நினைவகத்தில் குப்பை சேர்ந்ததும் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் கூட்டிப் பெருக்கும். படம் உறைவது அந்த நேரத்தில்தான். விளையாட்டு ஓட ஓடவே ஓரமாகப் பெருக்கிக்கொள்ளும் வேறு ரன்டைம் இலவசமாகவே கிடைக்கிறது என்று போட்டிருந்தார்கள்.

அவரிடம் அவர் பாஷையிலேயே சொன்னேன். “பாடி அதேதாங்க. இஞ்சினை மட்டும் மாத்துதோம்.”

முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் புதியதை இறக்கி, விளையாட்டின் அமைப்பில் போய்ப் பழையதற்குப் பதிலாக அதைக் காட்டிக் கொடுத்தேன். திறக்கப்போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

“இஞ்சின் மாத்துன வண்டிய எலுமிச்சம்பழம் வைக்காம எடுக்கப்படாது.”

“டயர் எங்க இருக்கு, வைக்கிறதுக்கு?”

“சும்மா முன்னால வையிட்டி.”

கீபோர்டுக்கு முன்னால் ஒரு பழத்தை வைத்தேன். மாமியார் திருநீறு பூசிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தோம்.

படகு எண்ணெயில் விட்ட மாதிரி போனது. திரை மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண் ஒன்று ஓடும். முன்பெல்லாம் அது விழுந்து விழுந்து எழும்பும். இப்போது அசையாமல் நின்றது. குளத்தங்கரை வந்தது. படகு நேரே போய்ச் சுவரில் இடித்தது.

“நின்னுட்டா?” என்று கேட்டார்.

நான் செய்த வேலை பலித்த சந்தோஷத்தில் இருந்தேன். “இல்லங்க! நிக்கவே இல்ல. அந்த எண்ணைப் பாருங்க, எறங்கவே இல்ல” என்றேன்.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். திரும்பப் படகை எடுத்தார். திரும்ப இடித்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வளைவு வந்த பிறகு விரல் விசையைத் தேடிப் போகிறது. போய்ச் சேர்வதற்குள் சுவர் வந்துவிடுகிறது. காலைப் பலகாரம் ஆறிப்போகும்வரை ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். அண்ணாச்சி பிறகு போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “வேற ஆளப் போட்டுக்கிடுங்கன்னுட்டாரும்மா. காலி வண்டியத்தான எடுக்கப்போறீரு, ஒருதடவ பாருமேன்னேன். வண்டி காலியா இருக்கும், ரோடு காலியா இருக்குமான்னு கேக்காரு.”

அவர் செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டு வரை தொங்கும் வண்டி அது. ஆனாலும் எனக்கு அழுகையாக வந்தது. சாக்கு என்று அவருக்கு இருந்தது அந்த ஓட்டை டப்பா ஒன்றுதான். அதைப் போய் மெனக்கெட்டுப் படித்துச் சரிசெய்து வைத்தேனே என்று என் மேலேயே கோபம். அன்று சாயங்காலம் அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ரசத்தில் பிழிந்துவிட்டேன்.

தபசு வந்தது, போனது. கூட்டம் பார்க்க அவர் வெளியே வரவில்லை. கம்ப்யூட்டர் பக்கமும் போகவில்லை. புற்றுமண்ணும் வேண்டாம் என்றுவிட்டார். பிசியோதெரபிப் பெண் வந்தால் தூங்குவதுபோல் கிடந்தார். பிறகு ஒருநாள், நான் வேலைக்குக் கிளம்பும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஏட்டி, அந்தப் பழைய இஞ்சினையே போட்டுரு.”

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பழைய ரன்டைமையே மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

இப்போது மறுபடியும் வலதுகையால்தான் ஓட்டுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குளத்தங்கரை வளைவில் படகு இடித்தது.

“பாத்தியா, நின்னுட்டு” என்றார்.

நான் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். அது இறங்கவில்லை. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க, நின்னுட்டு” என்றேன்.