கூரை மேலிருந்து இல்வா

“அடுப்பை அணைச்சாச்சா?” என்று வாசலிலேயே கேட்பாள் இல்வா. நாம் வாய் திறப்பதற்குள் ஏணியில் பாதி ஏறியிருப்பாள். கறுப்பு உடுப்பு, தோளில் சுருட்டிய சங்கிலி, அதன் நுனியில் இரும்புக் குண்டும் கம்பித் துடைப்பமும். பியோர்க்வீக் ஊரின் புகைபோக்கிகளைத் துடைப்பவள் அவள்தான்.

வேலை முடிந்து என் சமையலறைக்கு வந்தால் நாற்காலியில் பழைய பேப்பர் விரித்து வைப்பேன். அதைத் தள்ளிவிட்டு உட்காருவாள். பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்துக்கொண்டு காபி உறிஞ்சுவாள். கோப்பையெல்லாம் கரி விரல். திட்டினால், “கரி பட்டா அதிர்ஷ்டமாம். சும்மாதானே தர்றேன், வெச்சுக்க” என்பாள். கழுவுவது நான்.

ஃபோன் கம்பெனி எங்கள் பழைய கம்பிகளை உருவிக்கொண்டு போனபோது ஊரே முணுமுணுத்தது, அதோடு சரி. இவள் கூட்டத்தில் எழுந்தாள். “ரோட்டோர வீட்டுக்கு மட்டும்தான் ஃபைபர் போடுவானாம். காட்டோரம் இருக்கிறவன் என்ன, கரடியா? நாமளே தோண்டுவோம். கேபிள் நம்ம ஊருது. கெட்டுப் போனா நம்ம கதவைத்தான் தட்டணும்.”

ஊர்ச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. அவரவர் நிலத்தில் கேபிளுக்கான பள்ளத்தை அவரவர் தோண்ட வேண்டும். முடியாதவர்கள் ஏலக்காய் பன் சுட்டுத் தர வேண்டும். நான் இரண்டையும் செய்தேன். இல்வாவும் ஒருமுறை பன் சுட்டாள். அதற்குப் பிறகு அவளைத் தோண்ட மட்டும் சொல்லிவிட்டோம்.

இத்தனை பிடிவாதம் எவெர்ட்டுக்காக. காட்டோரம் தனியாக இருப்பவர், இதயம் சரியில்லை. மயக்கம் வந்தால் அழுத்தி உதவி கூப்பிட மணிக்கட்டில் ஒரு பொத்தான் கட்டியிருக்கிறார். அது பழைய கம்பியில் ஓடியது. கம்பி போனதும் அது வெறும் வளையல். செல்ஃபோன் சிக்னலும் நடுவில் இருக்கிற குன்றைத் தாண்டாது. கோடையில் ஏதோ ஒரு கூரையிலிருந்து இல்வா பார்த்தபோது, எவெர்ட்டின் விறகுக் கொட்டகைப் பக்கம் இரண்டு பூட்ஸ் அசையாமல் கிடந்தன. பூட்ஸுக்குள் அவர் கால்கள். அவள் ஓடிப்போனதால் பிழைத்தார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் தான் நலம் என்று காட்ட, வீட்டுக் கம்பத்தில் ஒல்லியான நீளக் கொடி ஒன்றை ஏற்றுவார். எந்தக் கூரைக்குப் போனாலும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஹோல்கெரின் உருளைக்கிழங்கு வயலில் வந்து பள்ளம் நின்றுவிட்டது. அதைத் தாண்டினால்தான் எவெர்ட் வீடு. ஹோல்கெர் ரோட்டோரக்காரன், இல்வாவோடு படித்தவன். “எனக்குத்தான் கம்பெனிக்காரன் குடுத்துட்டானே. என் வயலை எதுக்குக் கிளறணும்?” என்றான். இல்வா தன் மண்வாரியை அவன் வரப்பில் குத்திவிட்டுப் போனாள். தினமும் ஜன்னலைத் திறந்தால் அது அவன் கண்ணில்தான் படும்.

போன வாரம் அவன் வீட்டுப் புகைபோக்கி முறை. ஜாம் காய்ச்ச இரவல் வாங்கிய பெரிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நானும் போயிருந்தேன். இல்வா மேலே ஏறினாள். துடைக்கவில்லை. காட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

“என்ன, தூங்கிட்டியா?” என்றான் ஹோல்கெர்.

“எவெர்ட் இன்னும் கொடி ஏத்தலை.”

“என்ன கொடி?”

அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டு மரவரிசை அந்தப் பக்கத்தையே மறைத்துவிடும். நான்தான் சொன்னேன். ஹோல்கெர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். இல்வா சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு இறங்க ஏணியில் ஒரு கால் வைத்தாள். அப்படியே நின்றாள்.

“கொடி ஏறிடுச்சு” என்றாள்.

அவள் இறங்கியதும் ஹோல்கெர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “கிழங்கை எடுத்துக்கறேன். அப்புறம் தோண்டிக்க.”

“எப்ப எடுப்ப?”

“முதுகு பிடிச்சிருக்கு. சரியாகட்டும்.”

“அதுக்குள்ள பனியில மண்ணு உறைஞ்சு கல்லாயிடும்டா.”

“நான் என்ன பண்ண?”

இல்வா வயலுக்குள் நடந்தாள். கரிக் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினாள். முதல் வரிசையில் மண்டியிட்டு, வெறுங்கையால் ஒரு செடியைப் பிடுங்கி, கிழங்குகளை உதறிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“அந்த ஜாம் பாத்திரத்தைக் கொண்டா.”