கும்பிடு போட்டுவிட்டு வந்த படை

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், திருத்தணி மலைமேல் ஒரு மண்டபம். என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். குழந்தை என் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியையே கையில் எடுப்பார். அப்பேர்ப்பட்ட முக்கியஸ்தன், ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று செல்போனில் போர் நடத்திக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள், விளக்கிவிடுகிறேன். நான் மலைக்குக் கீழே திருத்தணி ஊரில் பைப்பு, மோட்டார் சாமான் கடை வைத்திருப்பவன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் சிலருக்கு ஆன்மிகம் வரும், சிலருக்கு நடைப்பயிற்சி வரும். எனக்கு வந்தது செல்போனில் ராஜா விளையாட்டு. ஆளுக்கொரு கோட்டை. நெல் விளைவிக்க வேண்டும், மதில் எழுப்ப வேண்டும், படை சேர்க்க வேண்டும். தனியாக நின்றால் நாலு பேர் சேர்ந்து வந்து துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் கூட்டணி. எங்கள் கூட்டணிக்கு நான்தான் தளபதி. எப்படி ஆனேன் என்று கேட்காதீர்கள். மற்றவர்களெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு ஆந்திரப் பக்கம் ஒரு நட்புக் கூட்டணி உண்டு. அதன் தலைவர் மதனப்பள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். கோயம்பேட்டுக்கு லோடு அனுப்பி அனுப்பித் தமிழ் நன்றாகவே வரும். என்னை 'பாவா' என்பார். நானும் அவரை பாவா என்பேன். மச்சான் முறை. இத்தனைக்கும் நேரில் பார்த்ததில்லை, போன் நம்பர்கூட வாங்கிக்கொண்டதில்லை. பேச்செல்லாம் விளையாட்டுக்குள்ளேயே, குரல் பதிவில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் பொது எதிரியான ஒரு பெரிய கூட்டணியின் தலைநகரை இரண்டு பக்கமும் சேர்ந்து அடிப்பதாகத் திட்டம். முந்தின நாள் நான் சத்தியம் செய்தேன்.

"நாள் பூரா வீட்லதான் பாவா. போனைக் கையை வுட்டு எறக்க மாட்டேன்."

"நானும் அப்டிதான் பாவா. எங்கயும் போறதில்ல" என்று அவரும் சத்தியம் செய்தார்.

காதுகுத்து விஷயத்தை நான் மூச்சு விடவில்லை. போருக்கு நாள் குறித்துவிட்டு, காது குத்தப் போகிறேன் என்று ஒரு தளபதி சொன்னால் நன்றாகவா இருக்கும்?

இப்போது என் கண்காணிப்புக் கோபுரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோபுரத்தைப் பெரிதாகக் கட்டினால், யார் வருகிறார்கள், எத்தனை பேர், அடிக்க வருகிறார்களா, காவலுக்கு வருகிறார்களா என்று எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். நான் கட்டவில்லை. இருந்த கல்லையும் மரத்தையும் லாயத்துக்குப் போட்டு வெள்ளைக் குதிரைகளாக வாங்கிக் குவித்திருந்தேன். பார்க்க அழகாக இருக்குமே! ஆகவே என் கோபுரத்துக்குத் தெரிந்ததெல்லாம் 'யாரோ வருகிறார்கள்' என்பது மட்டும்தான். ரொம்பக் கெஞ்சினால் எந்தக் கோட்டையிலிருந்து என்று சொல்லும்.

சரி, மண்டபத்துக்கு வருவோம். என் காலாட்படை முழுவதும் எதிரி தலைநகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கோட்டையில் வெள்ளைக் குதிரைகள் மட்டும். ஆசாரி இன்னும் முந்தின குடும்பத்தோடு இருந்தார். எட்டிப் பார்த்துவிட்டுப் போனைத் திறந்தேன். கோபுரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பெரும்படை ஒன்று என் கோட்டையை நோக்கி வருகிறது. எங்கிருந்து என்று தட்டிப் பார்த்தால், மதனப்பள்ளி பாவா!

அவர் படை எதிரியை நோக்கியல்லவா போக வேண்டும்? இங்கே எதற்கு வருகிறது? குழம்பிப்போய்ச் செய்திப் பெட்டியைத் திறந்தால், அவரிடமிருந்து ஒரு செய்தி. எப்போதும் போலக் குரலில் இல்லை, எழுத்தில். அதுவும் தெலுங்கு எழுத்தில்.

எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்குதான். தெலுங்கில் கடன் கேட்பேன், பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். படிக்க மட்டும் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. தெரிந்தாலும் அவளிடம் காட்ட முடியாது. இந்த விளையாட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டதாக அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். முறுக்கு முறுக்காகப் பிழிந்து வைத்தது போன்ற அந்த நாலு வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது கடைசியில் இருந்த கைகூப்பும் படம் மட்டும்தான்.

'இத்தனை நாள் பழகியதற்கு வணக்கம், இப்போது உன்னை முடிக்கிறேன்' என்றுதானே அர்த்தம்? வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? கும்பிடு போட்டுவிட்டுக் குத்த வருகிறான் படுபாவி என்று முடிவுகட்டிவிட்டேன்.

எங்கள் கூட்டணியில் எனக்கு அடுத்தவர், அரக்கோணத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய். அவருக்குக் கிசுகிசுப்பாகக் குரல் அனுப்பினேன். "பாய், கவுத்துட்டான் பாய்! மதனப்பள்ளி நம்ம மேலயே வர்றான்!"

பதில் உடனே வந்தது. பின்னால் யாரோ ஸ்பானரால் தட்டும் சத்தம். "அண்ணே, அவரு அப்டிப்பட்ட ஆளு இல்லண்ணே. கொஞ்சம் பொறுங்க. இன்னா ஏதுன்னு கேட்டுட்டு அப்பறம் பாக்கலாம்."

கேட்பதா? தளபதியா கேட்பான்? என் மூளை அப்போது மின்னல் வேகத்தில் வேலை செய்தது. அவர் படை இங்கே வருகிறதென்றால் அவர் கோட்டை காலி! அட, என்ன ஒரு யுத்த தந்திரம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, வெள்ளைக் குதிரைகள் மொத்தத்தையும் மதனப்பள்ளிக் கோட்டை மேல் ஏவினேன். போய்ச் சேர மதியம் ஆகும் என்று காட்டியது. அவசரத்தில் இரண்டு முறை தவறான இடத்தைத் தொட்டு, வாத்து வளர்க்கும் குளம் ஒன்றுக்கும் உத்தரவு போட்டுவிட்டேன் என்பது தனிக்கதை.

ஏவிய பிறகுதான் உறுத்தியது. அப்படி என்னதான் எழுதியிருக்கிறான்? அந்த எழுத்தைப் போனே மொழிபெயர்த்துச் சொல்லும் என்று என் மகள் மறுநாள் சொன்னாள். மறுநாள் சொல்லி என்ன பயன்? பக்கத்தில் ஆந்திரப் புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. புது மொட்டையில் சந்தனம் காயாத ஒரு அம்மாவிடம் போய்த் தெலுங்கில், "இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லுங்கம்மா" என்று நீட்டினேன்.

"ஏம்ப்பா, இவ்ளோ நல்லா தெலுங்கு பேசுறே, படிக்கத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது.

"'பாவா, நைனா படியில மயங்கி உழுந்துட்டாரு. நாங்க திருத்தணிலதான் இருக்கோம், பாதி மலையில, தேங்கா கடை பக்கம். போனைப் பாத்துகினு இருக்க முடியாது. என் படையெல்லாம் உன் கோட்டைக்கு அனுப்பிட்டேன், பத்திரமா வெச்சிக்கோ. இது உன் ஊருதானே, தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா உடனே அனுப்பு.' அவ்ளோதாம்ப்பா எழுதிக்கீது." நிமிர்ந்து பார்த்தார். "படையா? நீங்கள்லாம் மிலிட்டரியா?"

நான் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"பாவான்னா யாரு? நீயா?"

"ஆங்."

"அப்பறம் இன்னா இங்கயே நின்னுகினு கீறே?"

ஓடினேன். குதிரைகளைத் திரும்பக் கூப்பிட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அது நினைவுக்கே வரவில்லை. பின்னாலிருந்து என் மனைவி, "எங்கங்க ஓடுறீங்க? ஆசாரி கூப்புட்றாரு!" என்று கத்தியது காதில் விழுந்தது. வெறுங்காலோடு, பட்டு வேட்டியோடு, ஏறி வருகிறவர்களை இடித்துக்கொண்டு, அவர்கள் 'அரோகரா' போடுவது எனக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

தேங்காய்க் கடை ஓரம் சின்னக் கும்பல். நான் அவரை முறுக்கு மீசையும் மலை போன்ற உடம்புமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அங்கே இருந்தது ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு மனிதர். மடியில் அவருடைய அப்பாவின் தலை. அவர் மனைவி துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். "ஏமி லேது நைனா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"பாவா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். உடனே அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "வந்துட்டியா பாவா" என்றார். யார், எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருந்தது. தேங்காய்க் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார். அதில் பெரியவரை உட்காரவைத்து நானும் பாவாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். இரண்டு ராஜாக்களுக்கும் பத்துப் படிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. கீழே வந்து தெரிந்த ஆட்டோவைப் பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். சர்க்கரைக்காரர், விரதம் என்று சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படியேறியிருக்கிறார். சர்க்கரை தரை தட்டிவிட்டது, இன்னும் தாமதமாகியிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, கொஞ்ச நேரத்தில் பெரியவர் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "மொட்டை போட்டாச்சா?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். அப்போது கேட்டேன். "எப்பவும் பேசித்தானே அனுப்புவே பாவா? இன்னிக்கு ஏன் எழுதினே?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நைனா தலை என் மடியில இருந்துச்சு பாவா. மயங்கிட்டாருன்னு நான் வாய்விட்டு சொன்னா, அவரு காதுல உழாதா? பயந்துட மாட்டாரா?"

சரியாக அந்த நேரம் என் இடுப்பில் எக்காளம் முழங்கியது. அப்படியொரு எக்காளம். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்தேன். திரை முழுக்கத் தீ. 'வெற்றி! எதிரியின் கோட்டை சாம்பலானது!' கீழே கோட்டையின் பெயர். மறைக்க நேரமில்லை. அவர் என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த டீயைப் பார்த்தார்.

"என் படை உன் வூட்ல சோறு தின்னுகினு இருக்குது. நீ என் வூட்டைக் கொளுத்திட்டு வந்து எனக்கே டீ வாங்கித் தர்றியா பாவா?"

"இல்ல பாவா... தெலுங்கு படிக்கத் தெரியாது... கும்பிடு போட்டிருந்தியா... கோபுரம் சின்னது..." என்று என்னென்னவோ உளறினேன். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, நர்ஸ் வந்து அதட்டும் வரை சிரித்தார்.

சாயங்காலம் ரோடு வழியாக ஆட்டோவிலேயே எல்லோரும் மலைக்குப் போனோம். பெரியவருக்கு மொட்டை ஆனது. ஆசாரியைக் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தார்கள். குழந்தை என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, என் சட்டையையும் நனைத்தது. என் மனைவி பாவாவைக் காட்டி, "யாருங்க இவரு?" என்றாள்.

அவரே சொன்னார். "நாங்க ரெண்டு பேரும் ராஜாங்கம்மா."

"ஆங், இது ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பெரியவருக்கு இலை போடப் போய்விட்டாள்.

அந்தப் போரில் நாங்கள் படுதோல்வி. பாய் இப்போது தளபதி. எனக்கு விறகு வெட்டும் இலாகா. பாவாவுடைய படை இன்னும் என் கோட்டையில்தான் இருக்கிறது. தன் கோட்டையைத் திரும்பக் கட்டிய பிறகும் அவர் கூப்பிட்டுக்கொள்ளவில்லை, என் நெல்லைத் தின்றுகொண்டு கிடக்கிறது. கல்லும் மரமும் இப்போது நிறையவே இருக்கிறது, ஆனாலும் அந்தக் கோபுரத்தை மட்டும் நான் பெரிதாகக் கட்டவேயில்லை. யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், எதற்கு வந்தீர்கள் என்று வந்த பிறகு அவர்களையே கேட்டுக்கொள்கிறேன்.