அக்கா வாங்கிய முப்பத்தொன்று

எங்கள் அப்பா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். வருஷம் முழுக்க மார்க் பட்டியல்களோடு குடும்பம் நடத்திய மனிதர். முப்பத்தைந்துக்குக் கீழே எந்த எண்ணைப் பார்த்தாலும் அவர் கை சிவப்புப் பேனாவைத் தேடும். திருச்சியில் முப்பது மில்லிமீட்டர் மழை என்று பேப்பரில் போட்டிருந்தால், மழை ஃபெயில் என்பார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் அக்கா தன் பேஸ்பால் விண்ணப்பத்தை நீட்டினாள். காலேஜில் சேர்ந்த முதல் வருஷமே அந்த ஆட்டத்தில் விழுந்தவள் அவள். திருவானைக்காவலில் எங்கள் தெருவில் அப்படி ஓர் ஆட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது. மாநில அணிக்கு ஆள் எடுக்கச் சென்னையில் பத்து நாள் முகாம். அப்பா கையெழுத்துப் போட்டால்தான் போகமுடியும். பேட்டிங் ஆவரேஜ் 0.312 என்று கோச் அதில் எழுதியிருந்தார்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"நூத்துக்கு முப்பத்தொண்ணு. பாஸே ஆகலையேம்மா. இதுக்கு எதுக்குப் பத்து நாள் சென்னை?"

முப்பத்திரண்டு தடவை மட்டை பிடித்துப் பத்து தடவை சரியாக அடித்து, அவுட்டாகாமல் முதல் பேஸ் என்ற முனைக்கு ஓடிச் சேர்ந்திருக்கிறேன், இந்த ஆட்டத்தில் அது பெரிய விஷயம் என்று அக்கா மன்றாடினாள்.

"சரி, மீதி இருபத்திரண்டு?" என்றார் அப்பா.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. கணக்கில் நான் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு. அக்கா அழுதால் எனக்குத் தாங்காது. உண்மையைச் சொன்னால், அப்பாவை ஒரு தடவையாவது கணக்கில் மடக்கிவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. சனிக்கிழமை அக்காவோடு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி மைதானத்துக்குப் போனேன். காலேஜ் லீகில் ஆடிய எல்லா டீமின் ஸ்கோர் ஷீட்டும் வேண்டும் என்று கோச்சிடம் கேட்டேன்.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"அப்பாவுக்குக் காட்டணும் சார்."

அவர் சிரித்துக்கொண்டே ஷீட்டுக் கட்டைத் தூக்கிக் கொடுத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து, லீகில் ஆடிய அத்தனை பெண்களும் மட்டை பிடித்த தடவைகளையும் அடித்த அடிகளையும் கூட்டி வகுத்தேன். 0.238 வந்தது. நம்பிக்கையில்லாமல் மறுபடி போட்டேன். அதேதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மடியில் நோட்டை வைத்தேன்.

"எல்லாரையும் சேர்த்து வகுத்தா இருபத்துமூணுதாம்ப்பா. அக்கா மட்டும் முப்பத்தொண்ணு."

அவர் விரலை வைத்து வரிவரியாகச் சரிபார்த்தார்.

"மொத்த கிளாஸுமே ஃபெயிலா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப கொஸ்டின் பேப்பர் கஷ்டம்" என்றார். அவர் பாஷையில் அது பெரிய பாராட்டு. விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்தும் போட்டார். அம்மா அடுப்படியிலிருந்தே, "போட்டுட்டாரா? அப்பாடா" என்றாள். மாநில அணிக்கு என்னையே எடுத்துவிட்ட மாதிரி நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் அக்காவைக் காலை ரயிலில் ஏற்றிவிட்டோம். கோச்சும் மற்றப் பெண்களும் கூடவே இருந்தார்கள். இருந்தும் அப்பா ஜன்னல் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், கோச்சின் போன் நம்பரை மூன்று தடவை கேட்டார். ரயில் போனபிறகும் அங்கேயே நின்றார். வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்.

"பாப்பா, அந்தக் கணக்கை நீ இன்னொரு தடவை போட்டுப் பாத்திருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கேயோ தப்பு விட்டிருக்கிறேன், அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்துபோனேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து முதலிலிருந்து கூட்டினேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பா அக்காவின் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சரியாத்தாம்ப்பா இருக்கு."

"தெரியும்டா" என்றார்.

தெரிந்துகொண்டே என் மத்தியானத்தைப் பாழாக்கிவிட்டாரே என்று இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.