ஐஸைக் குத்தக் கூடாது

ராஜபாளையத்தில் பிரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கும் தவசிமுத்து நல்ல மனுஷன்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்மண் தெரியாமல் கோபம் வரும். பிரீசரில் ஐஸ் இறுகிப்போனால் சுவிட்சை அணைத்துவிட்டு, அது தானாக உருகும்வரை பேசாமல் இருக்க வேண்டும். நம் ஜனங்களுக்கு அந்தப் பொறுமை ஏது? கையில் அகப்பட்டதை எடுத்துக் குத்துவார்கள். குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் முழுக்க ஓடிப்போகும். அப்புறம் தவசிமுத்துவுக்கு போன் வரும். அவர் வந்து பையைக் கீழே வைப்பதற்குள் கேட்பார்: "எத வச்சுக் குத்துனீய?" கத்தி, ஸ்பூன், தோசைக்கரண்டி என்று எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி மாறாது. "அறிவிருக்கா?"

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மீன்கடை வைத்திருக்கும் யுவராணி அப்படித்தான் மாட்டினாள். மீன் வெட்டும் கத்தியால் குத்தியிருந்தாள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"நெருக்கி அடைச்ச கேஸ் இந்தக் குழாய்க்குள்ள வந்து விரியுது. விரியணும்னா அதுக்குச் சூடு வேணும். அந்தச் சூட்ட உன் மீனுகிட்ட இருந்து புடுங்கிக்கிடுது. அதான் குளிருது. குழாயவே ஓட்ட போட்டுட்டா எத வச்சும்மா புடுங்கும்?"

"எனக்கு ஐஸ் பெட்டி இருக்கு அண்ணாச்சி, சமாளிச்சுக்கிடுதேன்."

"ஐஸாம் ஐஸு! உருகிப்போற சாமான நம்பி யாராச்சும் கடை நடத்துவாகளா?"

யுவராணி முகம் சிவந்துபோய் மீனைக் கழுவப் போய்விட்டாள்.

தவசிமுத்துவின் மகள் ஷெரினுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தம் அங்கேயே, மாப்பிள்ளை வீட்டார் போகும் சர்ச்சில். சாப்பாடு அவர்கள் பொறுப்பு, இனிப்பு பெண் வீட்டார் பொறுப்பு என்று பேச்சு. பால்கோவா ஊரில் போய் என்ன இனிப்பைக் கொடுத்துப் பெயர் வாங்குவது? தவசிமுத்து யோசித்து யோசித்து ஐஸ்கிரீம் என்று முடிவு செய்தார். "எம் பொண்ணு விசேஷத்துல ஒரு கப்பு உருகாது. நான் யாரு, மெக்கானிக்கு!" என்று சம்பந்தியிடம் மார்தட்டவும் செய்தார். முந்தின நாளே தன் பெரிய பிரீசரை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து ஆலயத்தை ஒட்டிய ஹாலின் பின்பக்கம் இறக்கி, கப்புகளை அடுக்கி, முழுக் குளிரில் ஓடவிட்டார்.

மறுநாள் ஆராதனை தொடங்கும் நேரத்தில் மூடியைத் திறந்தால், கப்பு வைத்த கூடைகள் சுவரோடு சுவராக ஐஸில் ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அணைத்துவிட்டுப் பொறுத்திருக்க நேரமில்லை. மனைவி பியூலா வேறு வாசலில் நின்று, "ஏங்க, எல்லாரும் உக்காந்தாச்சு, பொண்ணுக்கு அப்பாவத் தேடுதாக" என்று அவசரப்படுத்தினாள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனுஷன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஒரு குத்துதான்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

ஓட்டையை விரலால் பொத்தினார். பீய்ச்சியடித்து விரிந்த கேஸ் விரலின் சூட்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனது. விரல் விறைத்து வெளுத்ததுதான் மிச்சம். சத்தம் அடங்கியபோது பிரீசர் வெறும் பெட்டியாக நின்றது.

பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்ப என்னங்க செய்ய?"

அந்த ஆலயத்துப் போதகர் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். வெளியே வெயில் கொளுத்தியது. எல்லாம் முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஐஸ்கிரீமைக் குடிக்கத்தான் கொடுக்க முடியும். அதை நினைத்ததும் தவசிமுத்துவுக்கு அழுகையே வந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு யுவராணிக்கு போன் போட்டார்.

"தங்கச்சி, ஐஸ் இருக்கா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "எங்க இருக்கீய? வாரேன்" என்றாள்.

இரண்டு பெரிய தெர்மோகோல் பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "மீன் வாடை அடிக்காதா?" என்று பியூலா தயங்கினாள். "இப்பத்தான் ஐஸ் கம்பெனியில இருந்து இறங்குச்சுக்கா. மீனே படல" என்று சொல்லிக்கொண்டே அவள் சமையல்கட்டு அண்டாவில் ஐஸை நொறுக்கிக் கொட்டி, கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டாள். இறுக்கம் விட்ட கூடைகளிலிருந்து கப்புகளை எடுத்து மூடிபோட்ட தூக்குவாளிகளில் அடுக்கி, நடுவில் புதைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினாள்.

"உப்பு போட்டா ஐஸு வெரசா உருகும் அண்ணாச்சி. உருக உருகக் குளிரு ஏறும். கைய விட்டுப் பாருங்க."

விட்டவர் உடனே வெளியே இழுத்துக்கொண்டார். ஐஸ் உருகவும் சூடு வேண்டும். அதுவும் பக்கத்தில் இருப்பதிடமிருந்துதான் பிடுங்குகிறது. உருகிப்போவதுதான் அதன் வேலையே. கேஸ் செய்யும் அதே திருட்டை இது சத்தமில்லாமல் செய்கிறது. தெரியாத விஷயமா? வாய்க்கொழுப்பில் மறந்துபோயிருந்தது.

மோதிரம் மாற்றி, ஜெபம் முடிந்து, பந்தியில் ஐஸ்கிரீம் வந்தது. சம்பந்தி வைகுண்டராஜ் மரக்கரண்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "ஆஹா, என்னா இறுக்கம்! மெக்கானிக் வீட்டு பிரீசர்னா சும்மாவா?"

கடைசி நாற்காலியில் யுவராணி குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை என்று தவசிமுத்துவுக்குத் தெரிந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பிரீசர் இல்ல சம்பந்தி. அத நான்தான் குத்தி ஓட்ட போட்டுட்டேன். இது யுவராணி கொண்டாந்த ஐஸு."

ஹாலே சிரித்தது. மணப்பெண் ஷெரின்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். யுவராணி மெல்ல நிமிர்ந்தாள்.

"எத வச்சுக் குத்துனீய அண்ணாச்சி?"

"ஸ்க்ரூ டிரைவர்."

அடுத்த கேள்விக்காக அவர் தலையைக் குனிந்து நின்றார். யுவராணி வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, இன்னொரு கப்பு குடுங்க" என்றாள்.