ஜப்பான்காரியின் ரூம்மேட்

ஓமானில், சோஹாரில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு. காலையில் பூசை, மதியம் எங்கள் ஃப்ளாட்டில் சாப்பாடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாப்பிட வருவாள், கூடவே அவள் ரூம்மேட்டும் வருவாள். அவளும் நர்ஸ், தூத்துக்குடிக்காரி. நான் ஆன்ட்டி என்பேன்.

விசா முடித்து ஊரோடு போகிற ஒரு குடும்பம் கழித்த சாமான்களில் சித்திக்கு ஒரு படக்கதைப் புத்தகம் கிடைத்தது. எனக்குக் கொண்டு வந்தாள். அதில் ஜப்பான்காரி ஒருத்தி. பறப்பாள். கவிழ்ந்த கப்பலை ஒற்றைக் கையால் நிமிர்த்துவாள். எனக்கு அப்போதும் இங்கிலீஷ் ஓடாது, இப்போதும் ஓடாது. சித்திதான் தமிழில் சொன்னாள்.

“இது வேற உலகம் மக்கா. இங்க உள்ள ஆளுவதான் அங்கேயும். அதே மூஞ்சி. வாழ்க்கை மட்டும் வேற.”

கடைசிப் பக்கத்தில் சண்டை முடிந்து, மொட்டை மாடியில் அவள் இன்னொரு பெண்ணைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள். இது யார் என்று கேட்டேன். சித்தி ஆன்ட்டியைப் பார்த்தாள்.

“அவ ரூம்மேட்டு.”

ஆன்ட்டிக்குச் சாயா புரையேறியது.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. கல்ஃபில் யாருக்குத்தான் ரூம்மேட் இல்லை. பறக்கிறவளுக்கு மட்டும் இல்லாமல் போகுமா.

அடுத்த வெள்ளி ஜெபக்குழு மாமி ஒருத்தி வந்தாள். சவூதியில், தம்மாமில் இருக்கும் தன் தம்பிக்குச் சித்தியைப் பெண் கேட்டு. அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஆன்ட்டி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. மாமிக்குப் பொழுது போகட்டும் என்று நான் புத்தகத்தைக் காட்டினேன்.

“இது ஜப்பான்காரி. இது அவ ரூம்மேட்டு. சித்தியும் ஆன்ட்டியும் மாதிரி.”

மாமி படத்தைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். இது வெளியே போனால் வேலையும் விசாவும் போகும். எனக்கு அது தெரியாது.

அம்மாவும் சித்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை வாங்கி மூடினாள்.

“ரூம்மேட்டுன்னா பின்னே? காய்ச்சல்ல கெடந்தா கஞ்சி வைக்கது யாரு, நீங்களா நானா?” என்றாள். “மீன் போட்டுக்கிடுங்க. பின்னே, இவளுக்கு இப்ப கல்யாணம் வேண்டாமாம். நானும் இனி கேக்க மாட்டேன். தம்பிக்கு வேற இடம் பாருங்க.”

மாமி மீன் போட்டுக்கொண்டாள்.

அவள் போனதும் அம்மா புத்தகத்துக்குப் பிரவுன் பேப்பர் அட்டை போட்டாள். லேபிள் ஒட்டி, சர்ச் வேதபாடப் புத்தகம் மாதிரி ‘மறைக்கல்வி’ என்று எழுதினாள். எனக்குத்தான் என்று கை நீட்டினேன். அம்மா அதை ஆன்ட்டியிடம் கொடுத்தாள்.

“ரெண்டு பேரும் பத்திரமா வச்சிக்கிடுங்க.”

சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆன்ட்டி ஏங்கி ஏங்கி அழுதாள்.

புத்தகத்தைப் பறிகொடுத்தது நான். இவள் எதற்கு அழுகிறாள் என்று கோபமாக வந்தது.