காற்றாடி பிடியை விடாத மத்தியானம்

எனக்கு அஞ்சாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். ஏற்காட்டில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட். பழம் அரைக்கும் கொட்டகையில் எனக்கு வேலை, என் வீட்டுக்காரர் அங்கேயே வயர்மேன்.

முதலாளி மேட்டு உச்சியில் கரண்டு எடுக்கும் காற்றாடி ஒன்றை நிறுத்தியிருந்தார். அதுவும் ஊர் லைனும் ஒரே கம்பியில் சேர்ந்திருந்தன. லைனில் கண் சிமிட்டும் நேரம் கரண்டு தடுமாறினாலும் காற்றாடி அதிலிருந்து கழன்றுகொண்டு நின்றுவிடும். அரைக்கும் மிஷினும் இழுக்க முடியாமல் நிற்கும். பறித்த பழத்தை அன்றைக்கே அரைக்காவிட்டால் புளித்துப்போகும். அதனால் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் மேடேறிப் போய் அதை ஓட்டிவிட்டு வரவேண்டும். முட்டி வீங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து எனக்கும் கை ஓய்ந்துபோனது.

கோயமுத்தூர்ப் பக்கமிருந்து நடுவயது மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார்கள். "ஏனுங்கம்மிணி, லைனு கொஞ்சம் ஆடுனாலே இது பயந்து கையை உட்டுருதுங்க. உடாம புடிச்சு நிக்க வெக்கோணும்" என்றார். பெட்டிக்குள் என்னவோ மாற்றினார். அதற்கப்புறம் விளக்கு மங்கினாலும் காற்றாடி நிற்கவில்லை. வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், மழையும் காற்றும். சில்வர் ஓக் கிளை விழுந்து லைன் கம்பி அறுந்தது. வீட்டுக்காரர் வழக்கம்போலக் கீழே டிரான்ஸ்பார்மர் சுவிட்சை இறக்கிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குப் போனார். காற்றாடியை நிறுத்த யாரும் மேடேறிப் போகும் வழக்கமில்லை. லைன் போனால் அதுதான் தானாகவே நின்றுவிடுமே!

இன்னும் ஊருக்குத் திரும்பாத மெக்கானிக்குக்கு நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கொட்டகை பல்பு அணையவில்லை. மங்குவதும் எரிவதுமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் டம்ளரைப் போட்டுவிட்டார்.

"ஐயோ, காத்தாடி இன்னும் புடிச்சுட்டே இருக்குது! கம்பியில கரண்டு இருக்குது! அண்ணனைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க!"

அவர் மேட்டுக்கு ஓடினார், நான் கீழே ஓடினேன். வீட்டுக்காரர் ஏணியில் பாதி ஏறிவிட்டார். "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். காற்றில் அது எடுபடவில்லை. எங்கள் மலையில் யார் யாரைக் கூப்பிட்டாலும் ஏனுங்கதான், அவர் எதற்குத் திரும்புவார்? கை கம்பிப் பக்கம் போய்விட்டது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் சொல்லாத அவர் பெயரை அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார்.

தொடாதீங்க என்று கையை ஆட்டினேன். இறங்கி வந்தவர், "ஏ புள்ள, பேரச் சொல்லியா கூப்புட்ட? கிளியூரு வரைக்கும் கேட்டிருக்குமே!" என்று சிரித்தார். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காற்றாடியை நிறுத்திவிட்டு வந்த மெக்கானிக், "அண்ணா, புடிச்சு நிக்கறதுக்குப் பண்ணுனன், லைனே போயிட்டா உடறதுக்குப் பண்ணாம உட்டுட்டனுங்க" என்று அழுதார். அதையும் சரிசெய்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார். ஆனாலும் அதற்கப்புறம் வீட்டுக்காரர் மேடேறிக் காற்றாடியை நிறுத்தாமல் கம்பியைத் தொட்டதில்லை. முட்டி வலியும் போகவில்லை, என் ஒத்தடமும் நிற்கவில்லை.

இப்போது அவர் இல்லை. அந்தப் பெயரை அதற்கப்புறம் நான் சொன்னதில்லை, இங்கேயும் எழுதவில்லை. காற்றாடி சங்கதியில் தப்பிருந்தால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். நான் கூப்பிட்டதும் அவர் திரும்பியதும் மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.