சிவப்பு வட்டம் போட்ட கார்டு

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் முழுசாக நின்ற பிறகு நான் இறங்கியதே இல்லை. அப்படிப்பட்டவளைப் போய்ச் செத்துப்போன ஒரு கார்டு வாரக்கணக்கில் அலைய வைத்தது.

ஆட்டையாம்பட்டியில் சேலைக்கு பார்டர் டிசைன் போடுகிறவள் நான். என் பழைய கம்ப்யூட்டரில் போடுகிற டிசைனை, பக்கத்தில் நிற்கும் பஞ்சிங் மெஷின் துளைத்துளையாக அட்டையில் குத்தித் தரும். அந்த அட்டையைத் தறியில் ஏற்றினால்தான் பார்டர் விழும். கம்ப்யூட்டரையும் மெஷினையும் இணைக்கிற கார்டு, இடி இறங்கிய ஒரு மழை நாளில் புகைந்துவிட்டது. அதே கார்டு இல்லாமல் மெஷின் அசையாது. இத்தனை வருஷத்து டிசைன்களை வேறு எந்த மெஷினும் படிக்காது.

பக்கத்துத் தெருத் தறிக்காரர் ஆவணி முகூர்த்தச் சேலைகளுக்கு என்னிடம் அட்டை சொல்லியிருந்தார். தினமும் காலையில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார்.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் வந்துருமுங்களா? தறி நின்னா ஆளுக வேற ஊட்டுத் தறிக்குப் போயிருவாங்க."

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கெஞ்சினார். அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

சேலத்தில் ஏறி இறங்காத கடை இல்லை. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடைக்காரர் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாட்டற ஸ்லாட்டே இப்ப வர்றதில்லைங்க மேடம்" என்றார். இன்னொரு கடையில் தந்தது பார்வைக்கு அதே மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால், அடியில் செருகுகிற பல் வரிசை குட்டை.

நாமக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர், மூடிப்போன கோழித் தீவன ஆலையின் கம்ப்யூட்டர்களை எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தீவனம் கலக்கும் மெஷினுக்கும் இதே கார்டு போடுவதுண்டு. போனில் படம் அனுப்பினேன். மறுபடியும் குட்டைப் பல் வந்துவிடக் கூடாதே என்று, தங்க முலாம் பூசிய அந்தப் பல் வரிசையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இதுதான் முக்கியம்' என்று எழுதினேன்.

"இருக்குதுங்க அம்மிணி, எடுத்து வெக்கறேன், வாங்க" என்றார்.

என் கார்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குள் நுழைந்ததும் அவர் சிரித்துக்கொண்டே ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் உள்ளே வெறும் தங்கப் பற்கள்.

"நீங்க வட்டம் போட்ட எடத்த மட்டும் பதனமா வெட்டி வெச்சிருக்கறேனுங்க. எல்லாரும் தங்கத்துக்குத்தானுங்க இதைக் கேப்பாங்க."

வசவு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வட்டம் போட்டது நானல்லவா?

"மிச்சம் எங்கீங்க?"

மூலையில் கிடந்த குவியலிலிருந்து எடுத்துத் தந்தார். அச்சு அசல் என் கார்டேதான், அடி மட்டும் மொட்டை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாளைக் காலையிலும் தறிக்காரர் வந்து நிற்பாரே.

இரண்டையும் மடியில் வைத்து வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என்னுடையதில் பல்லெல்லாம் அப்படியே இருக்கிறது. நடுவிலிருக்கும் பெரிய கறுப்புச் சிப்தான் கருகியிருக்கிறது. இவருடையதில் பல் இல்லை, சிப் நன்றாக இருக்கிறது. அதுவும் ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், செருகி வைத்த சிப். அவரிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, சிப்பின் ஒரு கால்கூட ஒடியாமல் நெம்பி எடுத்து, என் கார்டில் கருகியதை நீக்கிவிட்டு அங்கே செருகினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை.

கிளம்பும்போது கடைக்காரர் பொட்டலத்தோடு பின்னாலேயே வந்தார். "அப்ப இந்தத் தங்கம் வேண்டாமுங்களா?"

"நீங்களே வெச்சுக்கங்க."

மறுநாள் காலையில் தறிக்காரர் வந்தபோது மெஷின் தடதடவென்று அட்டை குத்திக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.